கடல் கடந்த பாட்டுப் பெட்டி

மன்னர் வரலாறும் போர் வரலாறுமே வரலாறு என்று நம்மவர் நெடுநாளாக எண்ணி வந்துள்ளனர். பள்ளிப் புத்தகங்களும் அவ்வாறே கற்பித்தன. ஆனால் ஒரு சமூகம் எதை உண்டது, எதை உடுத்தது, எதைக் கேட்டு மகிழ்ந்தது, அம்மகிழ்ச்சிக்கு எத்தனை நாள் உழைப்பை விலையாகக் கொடுத்தது என்பனவும் வரலாறேயாகும். மலாய் நாட்டுத் தோட்டத் தமிழர்க்கு அரண்மனை இல்லை. கோட்டை கொத்தளம் இல்லை. அவர்தம் பெயரைப் பொறித்த கல்வெட்டும் இல்லை. அவர்கள் வாழ்வைச் சொல்ல இருப்பவை செக்ரோல் புத்தகமும், கப்பல் டிக்கட்டும், லயத்து மூலையிலே இருந்த தகரப் பெட்டியுமேயாம். அத்தகைய எளிய பொருள்களுள் ஒன்றாகிய பாட்டுப் பெட்டி எங்கிருந்து வந்தது, எவ்வழி வந்தது, யார் கைக்கு வந்தது, யார் கைக்கு வரவில்லை என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஒரு பெட்டியின் கதையில் என்ன பெரும்பொருள் இருக்கக்கூடும் என்று சிலர் நகைக்கலாம். அவர்கள் சற்றுப் பொறுத்துப் படித்துப் பார்ப்பார்களாக.

ஓர் ஆண்டும் இரு பிறப்பும்

1877ஆம் ஆண்டு இரண்டு காரியங்களுக்காக நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டில் அமெரிக்காவிலே தாமஸ் ஆல்வா எடிசன், சுழலும் உருளையொன்றின் மீது சுற்றிய வெள்ளீயத் தாளில் மனிதக் குரலைப் பதித்து, அதனையே மீண்டும் ஒலிக்கச் செய்தார். சொல்லிய சொல் காற்றோடு போய்விடும் என்று உலகம் தோன்றிய நாள் முதல் மக்கள் கொண்டிருந்த எண்ணம் அன்று பொய்யாயிற்று. அதே 1877இல், பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளினின்றும் முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றுட் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரிலும் நடப்பட்டன.

இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாத நிகழ்ச்சிகள். எனினும் ஒன்று தமிழனைக் கடல் கடத்திற்று. மற்றொன்று அவனுக்குப் பின்னால் அவன் பாட்டைக் கடல் கடத்திற்று. ரப்பர் மரம் இல்லையேல் இந்நாட்டில் இத்துணைத் தமிழர் இலர். பாட்டுப் பெட்டி இல்லையேல் இங்கு வந்த தமிழர்க்குத் தாயகத்தின் குரல் ஆண்டுக்கொருமுறை வரும் நாடகக் கம்பெனியோடு நின்றிருக்கும்.

எடிசனின் உருளை வீட்டுக்கு வீடு விற்பதற்கு ஏற்றதாக இல்லை. ஒரு பாட்டைப் பல்லாயிரம் படிகள் எடுப்பதற்கு வழி கண்டவர் ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எமிலி பெர்லினர் என்பவர். 1887இல் அவர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத் தகட்டைக் கையாண்டார். அதுவே கிராமபோன். தொடக்க காலத்தில் அவர் தட்டுகளுக்குப் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று கெட்டிப்படுத்திய ரப்பர் என்பதை அறிய நம் தோட்டத்து மக்கள் வியப்பர். அக்காலத்தில் உலகச் சந்தைக்கு ரப்பர் பெரும்பாலும் தென்னமெரிக்க, ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்தே வந்தது. நம் நாட்டுத் தோட்டங்கள் அப்போது தலையெடுக்கவில்லை.

ரப்பர்த் தட்டு நன்கு அமையாமையால் சில ஆண்டுகளில் அரக்குத் தட்டு அதன் இடத்தைப் பெற்றது. அவ்வரக்கோ இந்திய நாட்டுப் பொருள். சோட்டா நாகபுரிக் காடுகளிலே மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி உமிழும் பிசினை அங்குள்ள பழங்குடி மக்கள் கொய்து விற்றனர். அதுவே கல்கத்தாத் துறைமுகத்தினின்றும் மேனாடுகளுக்குச் சென்று, கற்பொடி முதலியவற்றோடு கலந்து, பாடும் தட்டாயிற்று. தன் காட்டுப் பிசின் ஒரு நாள் பாடும் என்று அதைக் கொய்த பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிங்கைத் துறைக்கு வந்த செய்தி

பேசும் இயந்திரம் 1890களின் தொடக்கத்திலேயே சிங்கப்பூரில் காட்சிப் பொருளாகக் காட்டப்பட்டது. ஆனால் அது வணிகச் சரக்காக வேரூன்றியது 1900க்குப் பின்னரேயாம். 1898இல் லண்டனில் தோன்றிய கிராமபோன் கம்பெனி அவ்வாண்டிலேயே ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தட்டு அழுத்தும் தொழிற்சாலையையும் பெற்றது. கீழ்த்திசை மக்கள் மேனாட்டுப் பாட்டைக் கேட்டுப் பெட்டி வாங்கமாட்டார்கள், அவரவர் பாட்டை அவரவர்க்குக் கொடுத்தால்தான் பெட்டி விலைபோகும் என்பதைக் கம்பெனியார் விரைவில் உணர்ந்தனர். கலையின் மேற்கொண்ட காதலால் அவர்கள் புறப்படவில்லை. பெட்டி விற்கப் புறப்பட்டார்கள். ஆயினும் அவ்வணிகத்தால் விளைந்த நன்மை வணிகத்தினும் பெரிது.

1902ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் லண்டனினின்றும் கப்பலேறினார். அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதித்தார். அதன்பின் ஜப்பான், சீனம் ஆகிய நாடுகளுக்குச் சென்று, 1903இல் சிங்கப்பூருக்கும் வந்து இங்குள்ள பாடகர்களின் மலாய்ப் பாட்டுகளைப் பதித்துச் சென்றார். மின்சாரக் கருவி இல்லாத காலம் அது. பாடுவோர் ஓர் ஊதுகுழலின் வாயருகே முகத்தை வைத்துக் கத்திப் பாட வேண்டும். மெழுகுத் தட்டில் ஊசி கீறிய கோடுகள் ஹனோவருக்குக் கப்பலேறும். அங்கே அரக்கில் அழுத்தப்பெற்ற தட்டுகள் பல மாதங்கள் கழித்து மீண்டும் கீழ்த்திசைக்கு வரும். கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்ததும் இது பற்றியே. மொழியறியாத ஜெர்மானியத் தொழிலாளர் எத்தட்டு யாருடையது என்று கண்டுகொள்வதற்கு அதுவே அடையாளம்.

ஜெர்மானியர் வாளாவிருப்பரோ? பெக்கா, ஓடியன் முதலிய கம்பெனிகளின் தட்டுகளும் கீழ்த்திசைச் சந்தைக்கு வந்தன. தட்டின் இரு புறத்திலும் பாட்டை அழுத்தி 1904இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஓடியன் கம்பெனியாரே. கிராமபோன் கம்பெனியார் 1908இல் கல்கத்தாவிலேயே தட்டுத் தொழிற்சாலை நிறுவினர். அதன் பின்னர் நம் பாட்டு ஜெர்மனி சென்று மீளவேண்டிய நிலை மாறியது. 1914இல் மூண்ட முதல் உலகப் போர் ஜெர்மானியச் சரக்கைப் பல ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது.

சிங்கப்பூர், பினாங்கு ஆகியவை சுங்கமில்லாத் துறைமுகங்கள். மது, புகையிலை, எண்ணெய் போன்ற சில பொருள்களுக்கன்றிப் பிறவற்றுக்கு வரியில்லை. ஆதலின் லண்டன் பெட்டியும் பெர்லின் பெட்டியும் இங்கே தங்கு தடையின்றி இறங்கின. கடைக்காரர் ஆங்கிலம் அறியாத வாடிக்கைக்காரர்க்குத் தட்டின் மீதிருந்த படத்தைக் காட்டியே விற்றனர். ஊதுகுழலின் முன் நாய் அமர்ந்திருக்கும் தட்டு மலாய் மக்கள் வாயில் 'சாப் அன்ஜிங்' ஆயிற்று. தமிழர் அதனை நாய் மார்க் என்றனர். எழுத்தறியாதவனும் படத்தை அறிவான் என்பதை வணிகர் கண்டுகொண்ட அளவுக்கு நம் சமூகத் தலைவர்கள் கண்டுகொண்டார்களோ என்பது ஐயமே.

இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பெட்டி கப்பலினின்றும் இறங்கியது; நேரே கடைக்குப் போயிற்று. அதே கடல் வழியாகக் கப்பலின் கீழ்த்தளத்திலே வந்த தமிழ்த் தொழிலாளியோ நேரே எங்கும் போக இயலவில்லை. பினாங்கை யடுத்த ஜெரெஜாக் தீவு முதலிய தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டு, மருந்து தெளிக்கப்பட்டு, எண்ணப்பட்டு, பின்னரே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டான். சரக்குக்குத் திறந்த துறைமுகம் மனிதனுக்கு அவ்வாறு திறக்கவில்லை.

தமிழ்த் தட்டும் அது பாடிய பாட்டும்

சென்னையிலே 1904-05ஆம் ஆண்டுகளில் கிராமபோன் கம்பெனியார் தமிழ்ப் பாட்டுகளைப் பதிக்கத் தொடங்கினர். முதலில் பாடியவர்களுள் சேலம் கோதாவரி போன்ற பெண்மணிகள் முதன்மையானவர்கள். மேற்குலப் பெரிய வித்துவான்கள் இயந்திரத்தின் முன் பாடுவதற்குத் தயங்கினர். குரல் குன்றிவிடும் என்று சிலரும், கண்ட கண்ட இடத்தில் தம் பாட்டு ஒலித்தால் மதிப்புக் குறையும் என்று சிலரும் அஞ்சினர். கோயில் தொண்டுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட குலத்துப் பெண்களுக்கோ அத்தயக்கம் குறைவு. சமூகம் எவரைத் தாழ்த்தி வைத்திருந்ததோ அவரே புதிய கலைக்கு முதலிற் குரல் கொடுத்தனர். அம்முறையைச் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் ஒழித்தது. அவர்களுடைய குரலோ அரக்குத் தட்டில் அதற்கு நாற்பதாண்டு முன்னமே விடுதலை பெற்றுவிட்டது.

1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் தமிழ்த் தட்டுகள் மழைபோற் பொழிந்தன. 1925 முதல் மின்சாரத்தாற் பதிக்கும் முறை வந்தமையால் குரல் தெளிவுற்றது. நாடக மேடையின் இணையற்ற பாடகரான கிட்டப்பா 1933இல் தமது 27ஆம் அகவையிலேயே மறைந்தார். அவரை ஒருநாளும் நேரிற் கண்டறியாத பேராக், சிலாங்கூர்த் தோட்டத்து மக்களும் அவர் குரலை அறிந்திருந்தமைக்குத் தட்டே காரணம். கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் நாட்டுப்பற்றுப் பாட்டுகளும் தட்டிலேறின. சென்னையிலே சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தின் வாயிலாக, பின்னாளிற் படத்தொழிலிற் புகழ்பெற்ற ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் ஓடியன் தட்டுகளை விற்றார். 1931இல் 'காளிதாஸ்' வந்தபின் பேசும் படப் பாட்டுகளும் இவ்வெள்ளத்திற் கலந்தன.

சீர்திருத்த நோக்கில் இதன் சிறப்பு யாது? திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களின் தோடி தட்டில் வந்த காலத்தில், தமிழ்நாட்டுப் பெருங்கோயில்களிலே நம் தோட்டத்து மக்களிற் பெரும்பகுதியினர்க்கு நுழைவுரிமை இல்லை. மதுரை மீனாட்சி கோயிலில் ஆதிதிராவிடர் முதன்முதலாக நுழைந்தது 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் நாளிலேதான். கோயில் மதிலுக்குள்ளே ஒலித்த நாகசுரத்தை மதிலுக்கு வெளியே நின்றவன் கேட்டதுண்டு, அருகிருந்து கேட்டதில்லை. பாட்டுப் பெட்டியோ சாவி கொடுத்தவன் சாதியைக் கேட்கவில்லை. எந்தச் சாதியான் ஊசி வைத்தாலும் தோடி தோடியாகவே ஒலித்தது. ஆண்டுக்கணக்கில் மேடையேறிப் பேசினாலும் எளிதிற் புரியவைக்க இயலாத உண்மையொன்றைப் பத்து அங்குலத் தட்டு மூன்று நிமிடத்திற் புரியவைத்தது.

மொழி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சங்கீத மேடையில் தெலுங்குக் கீர்த்தனை கோலோச்சிய காலத்தில், தட்டு வணிகர் தமிழ் நாடகப் பாட்டை அச்சமின்றி வெளியிட்டனர். காரணம் எளிது: வாங்குவோர் தமிழைக் கேட்டனர். 1941இல் அண்ணாமலை நகரிலே தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அறிஞர் மாநாட்டுக்கு முன்னரே, பாமர மக்கள் தம் காசைக் கொடுத்துத் தமிழிசைக்கு வாக்களித்துவிட்டனர் என்று கூறினால் அது மிகையாகாது.

விலையும் வியர்வையும்

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கெழுதுவது நம் தொழிலாதலின் இதை விட்டுச் செல்ல மனமில்லை.

மலாய் நாட்டு வெள்ளியின் மதிப்பு 1906 முதல் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டிருந்தது. அதாவது 7 பவுனுக்கு 60 வெள்ளி. லண்டனில் 5 பவுன் விலையுள்ள கைப்பெட்டி கிராமபோன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கப்பற் கூலியையும் கடைக்காரர் ஆதாயத்தையும் நீக்கிப் பார்த்தாலும் அதன் விலை ஏறத்தாழ 42 வெள்ளி 85 காசு ஆகின்றது.

1920களின் இறுதியில் முக்கியப் பகுதிகளின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எனவே அப்பெட்டியின் விலை ஓர் ஆணின் 86 நாள் உழைப்பு. ஒரு பெண்ணின் 107 நாள் உழைப்பு. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அப்போது பெட்டி ஆணுக்கு 107 நாளும் பெண்ணுக்கு 134 நாளும் ஆயிற்று. மாதத்துக்கு 26 நாள் பிரட்டுக்கு நின்றாலும், ஒரு பெண் ஐந்து மாதத்துக்குமேல் ஒரு பிடி அரிசியும் வாங்காதிருந்தாலன்றி அப்பெட்டியை வாங்குதல் இயலாது. ஒரே மரத்தில் ஒரே பாலை எடுக்கும் இருவருள் ஒருவர்க்கு ஏன் கூலி குறைவு என்ற வினாவை இக்கணக்கு தானே எழுப்புகின்றது.

பெட்டி மட்டும் போதாது, தட்டு வேண்டும். 1927 முதல் இந்திய ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஆகவே 100 வெள்ளிக்கு ஏறக்குறைய 155 ரூபாய். இந்தியாவில் இரண்டரை ரூபாய் விலையுள்ள தட்டு இங்கே கூடுதல் செலவின்றி வந்தாலும் 1 வெள்ளி 60 காசு. மூன்று நிமிடப் பாட்டு இரண்டு; அதற்கு மூன்று நாளுக்கு மேற்பட்ட கூலி. தட்டு உடையும் பொருள். வெயிலில் வைத்தால் வளையும். ஈரத்திற் பூசணம் பிடிக்கும். ஊசியையோ தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும் என்பது கம்பெனியார் கட்டளை. நம்மவர் ஒரே ஊசியைத் தேயத் தேய ஓட்டித் தட்டையும் தேய்த்தனர். அதனைக் குற்றமாகக் கூறுவதற்கில்லை. ஊசி மாற்றக் காசு வேண்டுமன்றோ?

ஆகவே பெட்டி வாங்கியவர் யாவர்? கடைக்காரர், பெரிய கங்காணி, கிராணி, பட்டணத்து உத்தியோகஸ்தர் ஆகியோரே. லயத்துத் தொழிலாளி வாங்கவில்லை, கேட்டான். கங்காணி வீட்டுத் திண்ணையிலும் பட்டணத்துக் காப்பிக் கடை வாயிலிலும் நின்று கேட்டான். கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. வில்லுக்குச் சாவி கொடுத்தாற் போதும். ஆதலின் விளக்கில்லாத தோட்டத்திலும் அது பாடிற்று. அதைச் சொந்தமாக்கிக் கொள்வது வேறு. திண்ணைக்கு வெளியே நின்று கேட்பது வேறு. இவ்வேறுபாட்டை உணராதவர் தோட்ட வாழ்க்கையை உணராதவரே.

தொழிலாளி குடித்துக் கெட்டான், ஆதலின் மிச்சம் பிடிக்கவில்லை என்று துரைமார் கூறுவதுண்டு. தோட்டத்துக்குள் கள்ளுக்கடையை வைத்தவர் யார்? கள்ளுக்கடை வைக்க விரைந்த நிர்வாகம் ஒரு வாசகசாலையோ பொதுப் பாட்டுப் பெட்டியோ வைக்க விரைந்ததில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளை நோக்குக. கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் அவற்றுள் ஒன்று. துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் மற்றொன்று. தன் உழைப்பில் வாங்கிய பொருளைத் தலைநிமிர்ந்து பயன்படுத்தும் உரிமையே அங்குக் கேட்கப்பட்டது. சைக்கிளுக்குக் கேட்ட உரிமை பாட்டுப் பெட்டிக்கும் பொருந்தும். நம் கிராணி வகுப்பார் அக்கோரிக்கையைப் படித்து நாணுதல் தகும்.

வானொலியும் போரும்

1937ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதி சிங்கப்பூர்க் கால்டிகாட் குன்றிலிருந்து பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் ஒலிபரப்பலாயிற்று. வானொலிப் பெட்டிக்கு மின்சாரமோ மின்கலமோ வேண்டும். ஆண்டுக் கட்டணமும் வேண்டும். ஆதலின் இதுவும் முதலிற் பட்டணத்துப் பொருளாகவே இருந்தது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. வெளிநாட்டுச் செய்தியைக் கேட்காதபடி சிற்றலை வாங்கும் பகுதியை நீக்கி வானொலிப் பெட்டிகளுக்கு முத்திரையிட்டனர். மறைவாகக் கேட்டவர் கொடுந்தண்டனைக்கு உள்ளாயினர். அதே காலத்தில், 1943 முதல், சுபாஷ் சந்திர போஸ் அவர்களின் குரல் சிங்கப்பூரினின்றும் வான்வழி சென்றது. ஒரே பெட்டி ஒருவனுக்கு எழுச்சியும் மற்றொருவனுக்குச் சிறையும் ஆனது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்க்கு எப்பெட்டியும் துணை நிற்கவில்லை என்பதையும் மறத்தல் கூடாது.

போர் முடிந்து, 1948இல் அவசரகாலம் பிறந்த பின்னரே ஆட்சியாளர்க்குத் தோட்டத்து மக்களின் செவி நினைவுக்கு வந்தது. கம்யூனிஸ்டுகளின் சொல் முன்னே போய்விடும் என்று அஞ்சி, புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகளை நிறுவினர். தொழிலாளி கேட்டபோது கொடுக்கப்படாத பெட்டி, ஆட்சிக்குத் தேவைப்பட்டபோது இலவசமாக வந்தது. காரணம் எதுவாயினும் தமிழ் ஒலிபரப்பு லயத்துக்குள் நுழைந்தது நன்மையே. 1949இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ரெடிபியூஷன் என்னும் கம்பிவழி ஒலிபரப்பு தொடங்கியது. விலையுயர்ந்த பெட்டி வாங்க இயலாதவர் மாதச் சந்தா செலுத்தி ஓர் ஒலிபெருக்கியை வீட்டில் மாட்டிக்கொண்டனர்.

திரும்பிச் சென்ற பெட்டி

இதுகாறும் இந்நாட்டுக்கு வந்த பெட்டியைக் கண்டோம். இனி, இங்கிருந்து தாயகத்துக்குச் சென்ற பெட்டியைக் காண்போம். கதையின் சுவையும் துயரமும் இங்கேதான் உள்ளன.

1947இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1955இல் ஜப்பானின் சோனி நிறுவனம் டிரான்சிஸ்டர் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையிலெடுத்துச் செல்லலாம், சிறு மின்கலம் போதும். சிங்கப்பூர் சுங்கமில்லாத் துறைமுகமாதலால் ஜப்பானியப் பெட்டிகள் அங்கு மலிவாகக் குவிந்தன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை வெளியிட்ட பின் டேப்ரிக்கார்டரும் அவற்றோடு சேர்ந்தது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு மிகுதி, வரியும் மிகுதி. உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நோக்கம் அதிலிருந்தது, அதைப் பழித்தற்கில்லை. வானொலி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 1980கள் வரை இருந்தது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாட்டுகளை ஒதுக்கியபோது தமிழ்நாட்டார் இலங்கை வானொலியின் பக்கம் செவியைத் திருப்பினர். நல்ல சிற்றலைப் பெட்டிக்கு ஏக்கம் மிகுந்தது. ஊர் திரும்பும் மலாய் நாட்டுத் தமிழனின் கையைப் பார்த்து உறவினர் நின்றதில் வியப்பில்லை.

1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் ரஜுலாக் கப்பல் சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை ஆகிய துறைகளுக்கிடையே ஓடியது. அதற்குப் பின் சிதம்பரம் என்னும் கப்பல் ஓடி, 1984இல் தீவிபத்துக்குள்ளானதோடு அக்கடல்வழிப் பயணம் முடிவுற்றது. அக்கப்பல்களில் ஊர் திரும்பியோரின் மூட்டைகளுள் கோடாலித் தைலமும் கைலியும் இருந்தன. அவற்றின் நடுவே துணியிற் பொதிந்த வானொலிப் பெட்டி இருந்தது. நாகைத் துறையிலும் சென்னைத் துறையிலும் சுங்க அதிகாரிகள் மூட்டையைப் பிரித்தனர். இது தன் சொந்த உபயோகத்துக்கோ விற்பனைக்கோ, வாங்கிய ரசீது எங்கே, எத்தனை ஆண்டு வெளிநாட்டில் இருந்தாய் என்று வினவினர். எழுத்தறியாத முதியவர் ரசீதைக் கண்டாரோ? வரி கட்ட வழியின்றிப் பெட்டியைத் துறைமுகத்தில் விட்டுச் சென்றவரும் உண்டு.

அதிகாரியைத் தாண்டி ஊர் சேர்ந்தாலும் தொல்லை முடியாது. ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்த பெட்டி 100 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றது. தமிழ்நாட்டு மின்சாரமோ 230 வோல்ட். பெட்டியின் பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமற் செருகினால் ஒரு நொடியிற் புகையும். ஏற்றுமதிக்கென்று செய்த பெட்டியில் மின்னழுத்தத்தை மாற்றும் திருகு உண்டு. மலாய் நாட்டு மின்சாரமும் 230 வோல்ட் அளவினதேயாதலின், இங்கே பல நாள் ஓடிய பெட்டி அங்கும் ஓடும். இச்சிறு செய்தியை அறிந்தவன் பிழைத்தான். அறியாதவன் பல மாத மிச்சத்தை ஒரு நொடியில் இழந்தான். படிப்பில்லாமை ஏழைக்கு எத்துணை விலை உயர்ந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இவ்வரலாற்றின் மிகத் துயரமான ஏடு 1969, 1970ஆம் ஆண்டுகளிலே எழுதப்பட்டது. 1968இல் இயற்றப்பட்ட வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, மலேசியக் குடியுரிமை பெறாதவர்க்கு வேலை உரிமம் வேண்டுமென்று ஆயிற்று. குடியுரிமைத் தாள்களை நிரப்பித் தராமலும், நிரப்பத் தெரியாமலும் காலம் கழிந்துபோன தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கப்பலேறினர். இங்கே பிறந்து, இந்தியாவைக் கண்டறியாதவரும் அவர்களுள் இருந்தனர். ஒரு வாழ்நாள் உழைப்புக்குச் சான்றாக அவர்களிற் பலர் எடுத்துச் சென்றது ஒரு வானொலிப் பெட்டி. ஊரார் அப்பெட்டியைக் கண்டு, "சீமையிலிருந்து செல்வத்தோடு வந்துவிட்டான்" என்றனர். நாடு இழந்து வந்தவனை நலம் பெற்று வந்தவனாக அப்பெட்டி ஊரார்க்குக் காட்டிற்று. அவனும் மானத்தை எண்ணி வாய் திறக்கவில்லை. பெட்டி பாடியது, உடையவன் பேசவில்லை.

நாம் செய்யத்தக்கது

அந்தப் பெட்டிகளின் காலம் முடிந்துவிட்டது. கைப்பேசி ஒன்றில் உலகத்துப் பாட்டெல்லாம் அடங்குகின்றது. ரப்பர் நின்ற நிலங்கள் பல எண்ணெய்ப்பனையாகவும் குடியிருப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன, லயங்களும் இடிந்தன. பழைய கிராமபோன்கள் செல்வர் கூடத்தில் அழகுப் பொருளாக நிற்கின்றன. அவற்றின் முன் நின்று வியப்போர்க்கு, அதனை விலைக்கு வாங்க ஒரு தமிழ்ப் பெண் 134 நாள் பால் எடுக்க வேண்டியிருந்தது என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே நம் வாசகர்க்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, வீட்டில் அரக்குத் தட்டுகள் இருப்பின் அவற்றைப் பழைய சாமான் வண்டிக்குப் போடாதீர்கள். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தட்டின் மீதுள்ள பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது, அவற்றை வாங்கிய கதையை அறிந்த முதியோர் இருப்பின், அவர்கள் சொல்வதை இன்றே பதிந்து கொள்ளுங்கள். எடிசன் உருளை முதல் கைப்பேசி வரை மனிதன் கண்ட கருவிகளெல்லாம் அதற்கே பயன்படாவிடில் வேறு எதற்குப் பயன்படும்? மூன்றாவது, தமிழ்ப் பள்ளிகளிலும் சங்கங்களிலும் இவ்வரலாற்றை ஒரு பாடமாகச் சொல்லுங்கள். கல்வெட்டு இல்லாத மக்களுக்குப் பொருள்களே கல்வெட்டு.

முன்னர்க் கூறியதைச் சேர்த்து நோக்குவோம். தமிழன் இந்நாட்டுக்கு வந்தபோது பெட்டிக்குத் தடையில்லை, அவனுக்குத் தடையிருந்தது. அவன் தாயகம் திரும்பியபோது அவனுக்குத் தடையில்லை. அவன் பெட்டிக்குத் தடையிருந்தது. இரு கரையிலும் மனிதனையும் அவன் உழைப்பின் பயனையும் ஒருங்கே வரவேற்ற துறைமுகம் ஒன்றும் அவனுக்கு வாய்க்கவில்லை. இன்றும் பிற நாடுகளிலிருந்து இங்கு வந்து உழைக்கும் தொழிலாளர் ஒரு கைப்பேசியைத் துணையாகக் கொண்டு வேலி சூழ்ந்த விடுதிகளில் தத்தம் ஊர்ப் பாட்டைக் கேட்கின்றனர். நம் பாட்டனார் திண்ணைக்கு வெளியே நின்று கேட்டதை நினைவிற் கொண்டவர், அவர்களைத் தம் திண்ணைக்கு வெளியே நிறுத்தமாட்டார்.